“உங்கள் அண்ணன் இருக்கிறாரா?”

1

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தமிழர் இன்னொரு தமிழரைக் கண்டால் சுகம் விசாரிப்பதற்கு முன்பே அகதி வழக்கைப் பற்றிக் கேட்பது ஒன்று உண்டு: “கேஸ் என்ன மாதிரி?” கேட்பவரின் சட்டைப்பையில் பத்து வருட வதிவிட அட்டை இருக்கும். பதில் சொல்பவரிடம் மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாள் இருக்கும். பதில்களும் அதிகமில்லை. “போட்டிருக்கு.” “ரான்தேவு வரேல்லை.” “றெஜே.” ரான்தேவு என்றால் நேர்காணலுக்கான தவணை. கடைசிச் சொல்லும் பிரெஞ்சு, நிராகரிப்பு என்று பொருள். அதைச் சொல்பவர்கள் குரலைத் தாழ்த்துவதில்லை. இந்தத் தெருவில் அது வெட்கப்படவேண்டிய செய்தி அல்ல, வழமையான செய்தி.

சசிகரன் அந்தச் சொல்லை என்னிடம் சொன்னது ஒரு சனிக்கிழமை, மேம்பாலத்தில் இரண்டாம் இலக்க மெத்ரோ ரயில் கடந்துபோகும் இரைச்சலுக்கு நடுவே. இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.

அவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கிளிநொச்சிப் பக்கம். ஸ்தேன் என்ற புறநகரில் இன்னும் மூன்று பேரோடு ஓர் அறையில் இருக்கிறான். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழின் ஆசிரியபீடத்தில் இருந்தவன். இங்கே பலசரக்கு இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை. பிரெஞ்சு ஓரளவு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் சனிக்கிழமைகளில் இப்படியானவர்களோடு சட்டத்தரணிகளின் படிகளில் ஏறுவதும் ஒரு வேலையாகிவிட்டது. யாரும் நியமிக்கவில்லை. முடியாது என்று சொல்லப் பழகவில்லை, அவ்வளவுதான்.

சசியின் வழக்கை எடுத்த சட்டத்தரணியின் அறை வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகே, மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. சட்டத்தரணிகளை இங்கே “மெத்ர்” என்று அழைப்பது மரியாதை. சசி அதை அவருடைய பெயர் என்று நினைத்து முதல்நாளே “மெத்ர் அக்கா” என்று கூப்பிட்டுவிட்டான். நான் திருத்தப் போனேன். “அக்கா என்றால் என்ன?” என்று அவர் கேட்டார். சொன்னேன். “அப்படியே இருக்கட்டும்” என்றார்.

2

நிராகரிப்புக்கான காரணம் பல பக்கங்களுக்கு நடுவில் ஒரு பந்தியில் இருந்தது. மெத்ர் அதற்குக் கீழே பென்சிலால் கோடு இழுத்திருந்தார். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன்.

சசியின் அண்ணன் பவனை யுத்தத்தின் கடைசி நாட்களில் படையினர் பதிவுக்கு என்று கூப்பிட்டு பஸ்ஸில் ஏற்றினார்கள். மனைவியும் கைக்குழந்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. சசி அண்ணனைத் தேடிப் போராட்டங்களில் நின்றான், படம் எடுக்கப்பட்டான், விசாரணைக்கு அழைக்கப்பட்டான், அடிபட்டான், கடைசியில் புறப்பட்டு வந்தான். இதையெல்லாம் அகதிகள் அலுவலகத்தின் அதிகாரியிடம் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறான். முடிவில் அதிகாரி கேட்டிருக்கிறார்: “உங்கள் அண்ணன் உயிரோடு இருக்கிறாரா?”

சசியின் பதில்: “ஓம், இருக்கிறார்.”

அதிகாரி மறுபடி கேட்டிருக்கிறார். மறுபடியும் “இருக்கிறார்.” எங்கே என்ற கேள்விக்குத் “தெரியாது.” எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு மௌனம். ஆகவே மனுதாரரின் கூற்றுகள் ஒன்றுக்கொன்று முரணானவை, அண்ணன் காணாமல் ஆக்கப்பட்டார் என்பது நிறுவப்படவில்லை, அதை ஒட்டி வரும் எதுவும் நிறுவப்படவில்லை. அந்தப் பந்தியின் சாரம் இதுதான். எழுதியவரில் எனக்குக் கோபம் வரவில்லை. எங்களை அறியாத ஒருவர் வேறெப்படியும் எழுதியிருக்க முடியாது.

“மொழிபெயர்ப்பாளர் பிழையாகச் சொன்னாரா?” என்று மெத்ர் கேட்டார்.

“இல்லை, அவர் சரியாத்தான் சொன்னவர்” என்றான் சசி. “நான்தான் அப்பிடிச் சொன்னனான்.”

“ஏன்?”

“அண்ணி பொட்டோட நிக்கிறா அண்ணை. தாலியும் கழட்டேல்லை. அந்த வீட்டில இருந்து வந்த நான் ஒரு வேற்று மனிசருக்கு முன்னால இருந்துகொண்டு எப்பிடி அந்தச் சொல்லைச் சொல்லுறது? வாயில வருமோ?”

நான் பிரெஞ்சில் சொன்னேன். பொட்டுக்கும் தாலிக்கும் விளக்கம் கொடுக்க நேரம் எடுத்தது. சொல்லிக்கொண்டு வரும்போதே என் காதுக்கே அது அருங்காட்சியகத்தில் பொருளுக்குக் கீழே ஒட்டியிருக்கும் குறிப்பைப் போலக் கேட்டது. மெத்ர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்: “சரி. வீடு வேண்டாம், அண்ணி வேண்டாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

சசி என்னைப் பார்த்தான். “இதை நீங்கள் மொழிபெயர்க்கவேண்டாம் அண்ணை.”

“சரி.”

“செத்திட்டான் எண்டுதான் நினைக்கிறன்.”

நான் மெத்ர் பக்கம் திரும்பி, இதை மொழிபெயர்க்கவேண்டாம் என்று சசி கேட்டுக்கொண்டான் என்றேன். “தேவையில்லை” என்றார் அவர். “முகத்தைப் பார்த்தேன்.”

பிறகு தன் வேலைக்குத் திரும்பினார். அடுத்த படி புகலிட நீதிமன்றத்தில் மேன்முறையீடு. அங்கும் தோற்றால் நாட்டைவிட்டு வெளியேறும் கட்டளை வரும். அதை எதிர்க்க நிர்வாக நீதிமன்றம் இருக்கிறது. “ஆனால் அங்கே கேட்பது வேறு. இங்கே எத்தனை வருடம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, சம்பளச் சிட்டை இருக்கிறதா, தீராத நோய் வருத்தம் ஏதும் இருக்கிறதா. உங்களிடம் இதில் ஒன்றும் இல்லை. உங்களிடம் இருப்பது அண்ணன் மட்டும்தான்.”

அண்ணனைப் பற்றி அரசு கொடுத்த ஒரு தாள் வேண்டும் என்றார். மரணச் சான்றிதழ், அல்லது, காணாமற்போனவர் என்று பதிந்து கொடுக்கும் சான்றிதழ். இரண்டில் ஒன்று.

“அண்ணி எடுக்கமாட்டா” என்றான் சசி.

“கேளுங்கள்” என்றார் மெத்ர்.

3

ஊரில் பத்திரிகையில் இருந்த காலத்தில், விளம்பரப் பக்கங்களை அச்சுக்கு விடுமுன் நான் கட்டாயம் பார்க்கவேண்டிய ஒன்று இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குக் குடும்பங்கள் பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம் கொடுப்பார்கள். மங்கலான ஒரு படம், “எங்கிருந்தாலும் நலமாயிரு மகனே” என்று ஒரு வரி, கீழே பெற்றோர் பெயர். இந்த விளம்பரம் தவறியும் மரண அறிவித்தல்கள் வரும் பக்கத்தில் வந்துவிடக்கூடாது. அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலும் கூடாது. பத்திரிகையை மடித்தால் இரண்டும் முகத்தோடு முகம் முட்டும் என்று ஒரு தாய் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு விளையாட்டுப் பக்கத்தில் போட்டோம். கிரிக்கெட் ஓட்டங்களுக்குப் பக்கத்தில் வாழ்த்துப் பெற்றவர்கள் எத்தனையோ பேர்.

அந்தத் தாய்க்கு மகன் திரும்பி வருவான் என்ற நம்பிக்கை இருந்ததா என்று நான் கேட்டதில்லை. யாரும் கேட்பதில்லை. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, இல்லை என்று சொல்லும் முதல் வாய் தன்னுடையதாக இருக்கக்கூடாது என்பதில் எங்கள் சனம் உறுதியாக இருக்கிறது. சசி அதிகாரியிடம் சொன்ன பதில் அந்த ஒழுங்கின்படி சரியானது. பிரெஞ்சுக் கோவையில் அது பொய்யாகப் பதிவாகிவிட்டது.

4

அண்ணிக்குத் தொலைபேசி எடுக்க, குகன் வேலை செய்யும் மரக்கறிக் கடையின் பின்னறைக்குப் போனோம். குகனுக்குத் தெருவில் “குட்டி அவக்கா” என்று பட்டம். அவக்கா என்றால் இங்கே வக்கீல். சட்டம் படித்ததில்லை. மூன்று தரம் நிராகரிக்கப்பட்டு நாலாம் தரம் ஏற்றுக்கொள்ளப்பட்டவர் என்பதே அவருடைய தகுதி.

“நாலாம் தரம் நான் சொன்ன கதையைக் கேட்டு எனக்கே கண்ணீர் வந்தது” என்றார், முருங்கைக்காய்ப் பெட்டியை உடைத்துக்கொண்டே. “தம்பி, அவைக்கு ஒரு சாவு வேணும். உன்னட்டை ஒண்டு கிடக்கு. குடுத்துப்போட்டு வாவன். இல்லாதவன் கடன் வாங்கிக் குடுக்கிறான்.”

“வாயைப் பொத்துங்கோ குகண்ணை.”

“நான் பொத்துவன். றுவாசி எயார்போட்டில பிளேன் நிக்குது, அது பொத்தாது.”

சசி தொலைபேசியை எடுத்து இலக்கத்தை அழுத்தினான். அவனுடைய அறையில் இருந்த ஒருவரைக் கட்டளை வந்தபின் ரயிலில் மறித்துத் தடுப்பு முகாமில் போட்டு, போன மாதம்தான் கொழும்புக்கு ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அவருடைய குளிர்ச் சப்பாத்து இன்னும் அறை வாசலில் கிடக்கிறது என்று முன்பொருநாள் சொல்லியிருந்தான். அளவு சரியாக இருந்தும் யாரும் போடவில்லையாம்.

ஊரில் போனை எடுத்தார்கள். ஒலிபெருக்கியில் போட்டான். முதலில் குரல் கொடுத்தது பவனின் மகள் ஆரணி, கைக்குழந்தையாகப் பஸ்ஸைப் பார்த்தவள். இப்போது பள்ளியில் உயர்தர வகுப்புப் படிக்கிறாள். “சித்தப்பா, உங்கை குளிரோ? தொப்பி போட்டனீங்களோ?” என்று கேட்டுவிட்டுப் போனைத் தாயிடம் கொடுத்தாள்.

“அண்ணி, இஞ்சை அவக்கா ஒரு கடுதாசி கேக்கிறா.”

“என்ன கடுதாசி?”

“அண்ணையின்ர. அரசாங்கக் கந்தோரில குடுக்கினமாம்.”

அந்தப் பக்கத்தில் ஒரு சேவல் கூவியது.

“செத்ததுக்குக் குடுக்கிறதோ?”

“அது வேண்டாம். காணேல்லை எண்டு குடுக்கிறதும் போதுமாம்.”

“முதல் அதைத் தருவாங்கள் தம்பி. பிறகு அதைக் காட்டி மற்றதுக்கு ஒப்பம் கேப்பாங்கள். ஒப்பம் வைச்சா அவரின்ர பைலைக் கட்டி மேல வைச்சிடுவாங்கள். இவ்வளவு நாளும் நாங்கள் ரோட்டில குந்தியிருந்தது அதுக்கே?”

“இஞ்சை தோத்தா என்னை ஏத்திப்போடுவாங்கள் அண்ணி.”

“தெரியும்.” குரல் உடையவில்லை. “நீ எங்களுக்காக அலைஞ்சுதான் இந்த நிலைக்கு வந்தனீ. நான் மறக்கேல்லை. நீ அங்கை என்னத்தையாவது சொல்லித் தப்பு. என்ன சொன்னனீ எண்டு நான் கேக்கமாட்டன். ஆனா என்ர கையால ஒப்பம் கேக்காதை. நான் இஞ்சை பொட்டோட இருக்கவேணும்.”

“சரி அண்ணி.”

“சாப்பிட்டனியோ?”

“ஓம்.”

அவன் சாப்பிட்டிருக்கவில்லை. குகன் ஒரு பையில் மாம்பழம் போட்டுக் கொடுத்தார்.

5

ஆர்ஜொந்தெயில் இருக்கும் என் வீட்டில் மகள் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் சொல்வாள். இரண்டு தண்டவாளம், ஆனாலும் ரயில் ஓடுகிறது. அன்று இரவுச் சாப்பாட்டில் இந்தக் கதையைச் சொன்னேன்.

“சரி, அவர் இறந்துவிட்டாரா இல்லையா?” என்று கேட்டாள்.

“தெரியாது.”

“அப்பா, இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் தெரியாதா? உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும். அந்த அண்ணிக்கும் தெரிந்திருக்கும்.”

“தெரிஞ்சாலும் சொல்லுறேல்லை.”

“ஆக, எல்லோரும் ஒருவருக்கொருவர் மரியாதையாகப் பொய் சொல்கிறீர்கள்.”

பதில் சொல்ல என்னிடம் போதிய பிரெஞ்சு இருக்கவில்லை. தமிழில் சொல்லியிருக்கலாம். ஆனால் அது நீளமான பதில். அவள் ஏற்கெனவே கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

6

விசாரணை பல மாதங்களுக்குப் பிறகு வந்தது. புகலிட நீதிமன்றம் மொந்த்ரேயில் இருக்கிறது. நுழைவாயிலில் விமான நிலையத்தைப்போல இடுப்புப்பட்டியைக் கழற்றவேண்டும். உள்ளே சுவரில் அன்றைய வழக்குகளின் அட்டவணை. நீளமான நாற்காலி வரிசைகளில் ஆப்கானியர், கொங்கோக்காரர், வங்காளிகள், நாங்கள். எல்லோர் மடியிலும் ஒரே விதமான பிளாஸ்டிக் கோவை. எல்லோரும் தங்களிடம் இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டிருந்தார்கள். முன்பு பல தரம் வந்த இடம்தான். ஒவ்வொரு தரமும் அந்த நாற்காலிகள் இன்னும் கொஞ்சம் தாழ்ந்துவிட்டதாக முதுகு சொல்கிறது.

சசி காலையில் பூசிய திருநீறு நெற்றியில் இருந்தது. “இது இருக்கலாமோ அண்ணை?” என்று கேட்டான். இருக்கலாம் என்றேன்.

மெத்ர் கறுப்பு அங்கியோடு வந்தார். கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. ஆரணி அனுப்பிய படங்கள் சிலவும், தெருவோரக் கொட்டகையில் அண்ணி பவனின் படத்தோடு குந்தியிருக்கும் ஒரு பத்திரிகைத் துணுக்கும் இருந்தன. சசியிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “நீதிபதி அதே கேள்வியைக் கேட்பார். இன்று உங்களுக்காகப் பதில் சொல்ல நான் எழும்பமுடியாது. பொய் சொல்லச் சொல்லவில்லை. அன்று என் அறையில் மொழிபெயர்க்காமல் விட்டதைச் சொல்லுங்கள்.”

பிறகு இன்னொன்றும் சொன்னார். விசாரணை பொதுவாகத் திறந்த அறையில் நடக்கும், யாரும் வந்து இருக்கலாம். விரும்பினால் கதவை மூடிக்கொண்டு நடத்தும்படி கேட்கலாம்.

“கதவைச் சாத்தினா உங்களையும் வெளியில விடுவினமோ அண்ணை?” என்று சசி என்னைக் கேட்டான். உள்ளே நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். நான் வெறும் பார்வையாளன்.

“ஓம், விடுவினம்.”

“அப்ப சாத்தச் சொல்லுங்கோ.”

ஆகவே உள்ளே என்ன நடந்தது என்று நான் எழுதமுடியாது. வெளியே இருந்து பார்த்ததை எழுதுகிறேன். கதவு மூடப்பட்டது. பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் தன் மகனுக்கு, பிறந்த திகதியை மறுபடி மறுபடி சொல்லிப் பழக்கிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து பலத்த குரல் எதுவும் வரவில்லை. கதவு திறந்தபோது முதலில் மெத்ர் வந்து, அங்கியைக் கழற்றி மடித்துச் சக்கரம் வைத்த பைக்குள் வைத்தார். “பேசினார்” என்றார். அடுத்த வழக்குக்கு நேரமாகிவிட்டிருந்தது, போய்விட்டார்.

சசி என் பக்கத்தில் வந்து இருந்தான். நெற்றியில் திருநீறு இல்லை. வியர்வையில் போயிற்றா, துடைத்துவிட்டானா தெரியாது.

“தண்ணி இருக்கோ அண்ணை?”

கொடுத்தேன். போத்தல் முடியும்வரை குடித்தான். இருவரும் மெத்ரோவில் லா சப்பல் வரை வந்தோம்.

7

சில கிழமைகள் கழித்து முடிவுப் பட்டியல் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களின் வரிசையில் அவன் பெயர். மெத்ர் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்: “அக்காவின் வாழ்த்து.” குகன் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தன்னுடைய ஆலோசனையால்தான் வென்றது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் அண்ணி பிள்ளையாருக்குப் பொங்கினாவாம். கண்ணால் பார்க்கவேண்டும், தீர்ப்பை அனுப்பு என்று கேட்டாவாம்.

பதிவுத் தபாலில் தீர்ப்பு வந்ததும் சசி எல்லாப் பக்கங்களையும் படம் பிடித்து ஆரணியின் போனுக்கு அனுப்பிவிட்டான். அடுத்த ஞாயிறு அந்த உறையோடு என் வீட்டுக்கு வந்தான். ஒரு பெட்டி லட்டும் கொண்டுவந்தான்.

“என்ன எழுதியிருக்கு எண்டு முழுக்க வாசியுங்கோ அண்ணை. ஆசையாக் கிடக்கு.”

முதற்பக்கம் பெயர், பிறந்த இடம், முன்னைய நிராகரிப்பு. இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: “தன் மூத்த சகோதரர் தடுப்பில் உயிரிழந்துவிட்டார் என்று தான் நம்புவதாகவும், அவருடைய மனைவியை எண்ணி இதுவரை அதை எவரிடமும் வெளிப்படையாகச் சொன்னதில்லை என்றும் மனுதாரர் விசாரணையில் தெளிவாக எடுத்துரைத்தார். முன்னர் காணப்பட்ட முரண்பாடு இதன்மூலம் விளங்குகிறது.”

வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். சசியின் கையில் பாதி லட்டு இருந்தது.

“அதையும் எழுதிப்போட்டினமோ?”

“ஓம்.”

“கதவைச் சாத்தினவையெல்லே அண்ணை.”

கதவை மூடுவது மற்றவர்கள் கேட்காமல் இருப்பதற்கு, எழுதாமல் விடுவதற்கு அல்ல என்று விளக்கினேன். அவன் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. “பரவாயில்லை” என்றான் பிறகு, தனக்குத்தானே. “பிரெஞ்சுதானே. அங்கை ஆர் வாசிக்கப்போகினம்.”

என் மகள் அடுக்களை வாசலில் நின்றாள். தன் கைத்தொலைபேசியை எடுத்து மேசையிலிருந்த தாளுக்கு மேல் பிடித்து, எங்களுக்கு முன்னால் வைத்தாள். திரையில் பிரெஞ்சு வரிகள் இருந்த இடத்திலேயே தமிழ் வரிகள் நின்றன. கொஞ்சம் கரடுமுரடான தமிழ். ஆனால் “இறந்த” என்ற சொல் சரியாக இருந்தது.

சசி தன் தொலைபேசியை எடுத்தான். காலையிலிருந்து பார்க்காத செய்திகள் கிடந்தன. ஆரணியிடமிருந்து இரண்டு. வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

முதலாவது: “சித்தப்பா, ரெண்டாம் பக்கத்தை அழிச்சுப்போட்டுத்தான் அம்மாட்டைக் காட்டினனான். நீங்களும் வேற ஒருத்தருக்கும் அனுப்பாதேங்கோ.”

இரண்டாவது சற்றுப் பிந்தி அனுப்பப்பட்டிருந்தது: “அது கேஸுக்குச் சொன்னதோ, இல்லாட்டி உங்களுக்கு உண்மையாத் தெரியுமோ?”

அவன் செய்தியைத் திறந்துவிட்டான் என்பதைக் காட்டும் நீலக் கோடுகள் அங்கே அவளுக்கு விழுந்திருக்கும். அவனுக்கும் அது தெரியும். என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. லட்டைத் தட்டில் வைத்து, விரல்களைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினான்.

“கேஸுக்குச் சொன்னது பிள்ளை. மெத்ர் அக்கா சொல்லச் சொன்னவா.”

அந்த வரியை ஒருவர் வாசித்துமுடிக்கும் முன்பே பதில் வந்தது. அவள் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கவேண்டும்.

“நானும் அப்பிடித்தான் நினைச்சன் சித்தப்பா.”

சசி தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தான். என் மகள் அவனுக்குத் தேநீர் ஊற்றினாள்.

“மிச்சத்தை வாசியுங்கோ அண்ணை” என்றான்.

மூன்றாம் பக்கத்தில் அதிகம் இருக்கவில்லை. அவன் அகதியாக ஏற்றுக்கொள்ளப்படுகிறான் என்று இருந்தது. அதை வாசித்தேன்.